கொங்கு நாட்டுக்குக் கடல் எந்த வழியாக வந்தது?

தூத்துக்குடி வாசகர் ஒருவர், மே 27

"விடியற்காலையில் கடற்கரையில் நின்று ஜெபம் பண்ணாதவனுக்குச் சுவிசேஷத்தில் பாதி விளங்காது. வலை, படகு, அலை, கொந்தளிப்பு எல்லாம் எங்களுக்கு அன்றாடம். கோயம்புத்தூர், ஈரோட்டு விசுவாசிகள் தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்த்தவர்கள். இயற்கையில் தேவனைப் பார்க்கச் சொன்னால் அவர்கள் எதைப் பார்ப்பார்கள்?"

மே 27, இரவு 10.15

குழாயிலும் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அது கிடக்கட்டும்.

நீங்க சொல்ற வலை, படகு, கொந்தளிப்பு எல்லாம் நடந்த இடம் கடலே இல்லைங்க. கலிலேயாக் கடல் ஒரு நல்ல தண்ணீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே ஒரு குழியில் கிடக்கிறது. சுவிசேஷம் எழுதிய லூக்கா கிரேக்கத்தில் அதை ஏரி என்றுதான் எழுதுகிறார். நம்ம தமிழ் வேதாகமத்தில் அது "கெனேசரேத்துக் கடல்" ஆகிவிட்டது. கொந்தளிப்புக்கும் காரணம் இருக்கிறது. சுற்றிலும் மேடு, மேட்டில் பள்ளத்தாக்குகள். மேலே இருக்கிற குளிர்ந்த காற்று அந்தச் சந்துகளில் புகுந்து குழிக்குள் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் ஏரி புரண்டுவிடும். இயேசுவின் சீடர் பேதுரு பயந்தது அந்தக் காற்றுக்கு. மலைச் சந்துக் காற்று என்றால் என்ன என்று பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைக்காரர்களிடம் கேளுங்க.

பேதுரு வலை வீசிய மாதிரி இடம் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடியை விட்டுவிட்டுப் பவானிசாகர் அணைக்கு வாங்க. பேரிலேயே சாகரம். நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. நிரம்பிய வருஷம் கரையில் நின்றால் எதிரே மலைதான் தெரியும், தண்ணீரின் முடிவு தெரியாது. சின்ன வயசில் நான் அதைத்தான் கடல் என்று நினைத்திருந்தேன். பரிசலில் ஒரு ஆள் ஒற்றைத் துடுப்பால் சுற்றிச் சுற்றிப் போவார். ராத்திரி முழுக்கப் பிரயாசப்பட்டு ஒன்றும் அகப்படாத முகத்தை அங்கே பல தடவை பார்த்திருக்கிறேன்.

மே 28, காலை

ஒன்று விட்டுப்போச்சு. கலிலேயாவில் "பேதுரு மீன்" என்று இன்றைக்கும் பொரித்து விற்கிறார்களே, அது திலேப்பியா வகை. நம்ம அணை மீன்கடையில் ஜிலேபி கெண்டை என்று பொரித்துத் தருகிற மீனுக்கு அது பங்காளி. யோவான் 21-இல் கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, உயிர்த்தெழுந்தவர் காத்திருக்கிறார் இல்லையா? நான் அதை அணைக்கட்டு ரோட்டோரத்து எண்ணெய்ச் சட்டி வாசத்தோடுதான் வாசிப்பேன். மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அன்றைக்கு வலையில் அகப்பட்ட 153 மீனை எண்ணியது யார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஆண்டவர் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார், ஒருத்தன் மட்டும் மீன் எண்ணிக்கொண்டிருக்கிறான். நிச்சயம் நம்ம ஊர்க்காரன்.

ஜூன் 9

காற்று கிளம்பிவிட்டது. உடுமலைக்குக் கிழக்கே மாமனார் ஊரில் இருக்கிறேன். காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பி நிற்கின்றன. ராத்திரி மொட்டை மாடியில் படுத்தால் விசிறியின் "ஊஉப்... ஊஉப்" சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கும். காய்கிற துணிக்கு நாலு கிளிப் போட்டாலும் காலையில் பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பொறுக்கணும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க மதில் கட்டி நிறுத்திய தென்மேற்குக் காற்றுக்கு இதுதான் பெரிய வாசல். கோயம்புத்தூரிலிருந்து பொன்னானிக் கடற்கரை நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அரபிக் கடல் மேலே வந்த காற்று எங்க முகத்தில் அடிக்கிறது. அந்த உப்பு வாசம் மூக்கில் ஏறும்போது "கடல் எங்கள் ஊருக்கு வந்து போகிறது" என்று சொல்லத் தோன்றும்.

யூதர்களின் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமு ராத்திரியில் வந்து, மறுபடி பிறப்பது எப்படி என்று கேட்டபோது இயேசு காற்றைத்தான் உதாரணம் காட்டினார். கிரேக்கத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல். அந்த ராத்திரி வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்திருக்கும், அதைக் கேட்டுக்கொண்டேதான் சொன்னார் என்று எனக்கு ஒரு எண்ணம். எங்க தகரக்கூரைச் சபையில் ஆனி மாசம் பிரசங்கம் காதில் விழாது. போதகர் ஐயா மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். இந்த முப்பது வருஷத்தில் எனக்கு ஞாபகம் இருக்கிற பிரசங்கம் அந்த ஒரு நிமிஷம்தான்.

ஜூன் 11

உப்பு வாசம் என்று எழுதியதை எடுத்துவிடுங்க. மச்சான் படித்துவிட்டுச் சிரிக்கிறான். "கேரளாவுல அத்தன மழையையும் கொட்டிட்டு, காடு மேடெல்லாம் தாண்டி வர்ற காத்துல உனக்கு உப்பு வாசமா மாமா?" காலையில் மாடியேறி நின்று மோந்து பார்த்தேன். பக்கத்துக் கோழிப்பண்ணை வாசம்தான் வந்தது.

காற்று கடலிலிருந்து வருவது நிஜம். வாசம் என் ஆசை.

ஜூன் 20

வேளாங்கண்ணி பற்றிக் கேட்டிருந்தீங்க. நாங்க சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்டு. ஆனால் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) பிறந்த வீடு ஆர்.சி., கத்தோலிக்கம், கருமத்தம்பட்டிப் பக்கம். கல்யாணமாகி வந்து அறுபது வருஷம் நம்ம சபையில் பாடினாலும், கழுத்தில் மாதா சுரூபம் போட்ட கயிற்றைக் கழற்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அமுச்சியிடம் கேட்க யாருக்குத் தைரியம்.

2003 கிறிஸ்துமஸுக்கு வேன் பிடித்து வேளாங்கண்ணி போனோம். அமுச்சி கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், கத்துகிறார்கள், பிள்ளைகள் உருளுகின்றன. அமுச்சி ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தது. துப்பியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "ஏங் கண்ணு, இத்தன தண்ணி கெடக்குது, ஒரு பாத்திக்கு ஆவாதே" என்றது.

கடலைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஏத்தம் இறைத்து, மாடு கட்டிக் கவலை ஓட்டி, பிறகு மோட்டார் போட்டு, அதுவும் வற்றி எழுநூறு அடிக்குப் போர் போட்டுப் புகையைப் பார்த்த வீட்டு மனுஷி. எனக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது ஒரு சோடா பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தது. எதற்கு என்று சொல்லவில்லை. வேதாகமம் வைத்திருந்த மாடத்தில் அந்தப் பாட்டில் ரொம்ப நாள் இருந்தது. அடுத்த வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அதே கரையில் சுனாமி வந்து நூற்றுக்கணக்கில் ஜனம் போனபோது, அமுச்சி டி.வி.யைப் பார்த்துவிட்டுப் போய்ப் பாட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது.

ஜூன் 21

அக்கா போன் பண்ணித் திட்டினாள். நாங்கள் போனது 2003 கிறிஸ்துமஸுக்கு இல்லையாம், 2001-இல் பள்ளிக்கூட முழுப்பரீட்சை லீவில். "சுனாமிக்கு ஒரு வருஷம் முந்தி, அதே கிறிஸ்துமஸ்" என்றால் கதைக்கு எடுப்பாக இருக்கும் என்று என் மூளை தானாகத் திருத்தி வைத்திருக்கிறது. பாட்டிலைத் திருப்பி வைத்தது நிஜமா என்று கேட்டேன். "அது நெசந்தான். ஆனா துக்கத்துக்கில்ல. வெயில் பட்டுப் பாசி புடிக்குதுன்னு எப்பவோ திருப்பி வெச்சது."

இருந்தாலும் சுனாமி அன்றைக்கு அமுச்சி சாப்பிடவில்லை என்பதை அவளும் ஒத்துக்கொண்டாள். சங்கீதம் 93-ஐ வாசிக்கச் சொல்லிக் கேட்டது. பெருவெள்ளங்களின் இரைச்சலைவிட, சமுத்திரத்தின் வலுமையான அலைகளைவிட கர்த்தர் வல்லவர் என்று வருமே, அது. வாசித்தது நான். வாசிக்கும்போது எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் பதில் கிடையாது.

கடற்கரையில் தேவன் தெரிகிறார் என்று எழுதுகிறவர்கள் சூரிய உதயத்தைப் போட்டோ பிடித்துப் போடுகிறார்கள். அந்த டிசம்பர் 26-க்கும் சூரியன் உதித்தது.

ஜூலை 6

"காற்று சரி, வேறென்ன வந்தது கடலிலிருந்து?" என்று கேட்கிறீங்க. உப்பு வந்ததுங்க. உங்க ஊரிலிருந்துதான். லாரி லாரியாக.

1998-லிருந்து 2011 வரை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஸ்டோர் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்து உப்பு மூட்டைகளை எண்ணி இறக்கி, லாட்டுக்கு லாட் எடை போட்டுக் கொடுக்கிற வேலை. கறுப்பு, நேவி மாதிரி டார்க் ஷேடு என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு போகும். 100 கிலோ பனியன் துணிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்று வையுங்க, 80 கிலோ உப்பு. துணி எடைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

எதற்கு இத்தனை உப்பு என்று சேர்ந்த புதிதில் மாஸ்டரைக் கேட்டேன். தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், ரெண்டுக்கும் ஒரே எதிர்மின் சுமை. உப்பு நடுவில் போய் அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தைத் துணிப்பக்கம் ஒதுக்கும். பிறகு சோடா போட்டால் சாயம் துணியோடு பிடித்துக்கொள்ளும். "அப்புறம் உப்பு?" என்றேன். "அது துணில நிக்காதுப்பா. வந்த மாதிரியே தண்ணியோட போயிரும்."

"நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்ற வசனத்துக்குச் சாரம், ருசி, பதப்படுத்துதல் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். இந்த விளக்கம் ஒருத்தரும் சொன்னதில்லை. நிறத்தைப் பிடிக்கவைத்துவிட்டுத் தான் துணியில் தங்காமல் போகிறது உப்பு. மின்னல் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. ஸ்டோர் ரூமில் மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு சின்னப் பிரசங்கமே எழுதி, வாலிபர் கூட்டத்தில் பேசி, நல்ல பேர் வாங்கினேன்.

"போயிரும்" என்றாரே மாஸ்டர், எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 7

கனமாகப் போகுது. ஒரு சிரிப்புக் கதை.

2008 வாக்கில் எங்க சபையில் அறுப்பின் பண்டிகை. ஆளாளுக்கு வாழைத்தார், இளநீர்க் குலை, மஞ்சள் கொத்து, ஒருத்தர் உயிரோடு சேவல். என் வீட்டில் விளைச்சல் ஏது? ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்ப் பீடத்துப் படியில் வைத்தேன். என் பிரசங்கத்தை ஞாபகம் வைத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆராதனை முடிந்து ஏலம். உபதேசியார் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "சாரமுள்ள உப்பு! ஒரு தரம்!" என்றதும் ஒரே சிரிப்பு. கடைசியில் 510 ரூபாய்க்குப் போனது. சேவல் 450-தான்.

ஜூலை 19

ஆடி பிறந்தாச்சு. தேங்காய் சுட்டாச்சு. (எங்க வீட்டிலும் சுடுவோம். சி.எஸ்.ஐ. தேங்காய் தீயில் வேகாதா என்ன.)

தூத்துக்குடி நண்பருக்கு ஒரு துக்கச் செய்தி. வெளிப்படுத்தல் 21, முதல் வசனத்தை எடுத்துப் பாருங்க. புதிய வானம், புதிய பூமி, "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று." அடுத்த அதிகாரத்தில் ஒரு நதி, ரெண்டு கரையிலும் மரம், மாசா மாசம் காய்ப்பு. பரலோகம் கொங்கு நாடுதானுங்க. வந்தால் உங்களுக்கு வாய்க்கால் ஓரமாக ஒரு இடம் பார்த்து வைக்கிறோம்.

இதை எழுதிய யோவான் பத்மு தீவில் சிறை இருந்தவர். சுற்றிலும் கடல். தன்னையும் தன் ஜனத்தையும் பிரித்து வைத்திருந்ததே அதுதான். "கடல் இல்லை" என்று அவர் எழுதியதில் ஒரு கைதியின் நிம்மதி இருக்கிறது என்று எனக்குப் படும். கடலில் பிழைக்கிற உங்களுக்கு அது இடிக்கும்தான்.

பளிங்கு போலத் தெளிவான நதி என்றும் அங்கே எழுதியிருக்கிறது. அந்த வரி வந்தால் நான் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

ஜூலை 30

ஏன் தாண்டுவேன் என்று கேட்டிருக்கீங்க. சரி.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் வழியாகத் திருப்பூருக்குள் வந்து, கிழக்கே போய்க் காவிரியில் விழுகிறது. அந்த வருஷங்களில் ஆற்றில் எந்தக் கலர் ஓடுதோ அதுதான் அந்த சீசன் பனியன் கலர் என்று எங்களுக்குள் ஒரு நக்கல் உண்டு. கலர் கண்ணுக்குத் தெரியும். உப்பு தெரியாது. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் போய்த் தேங்கியது. கீழே கிணறெல்லாம் உவர் ஏறிப்போனது. விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. என் வேலை அதோடு போனது. அப்போது நான் கோர்ட்டைத்தான் திட்டினேன்.

இப்போது அந்த அறுப்பின் பண்டிகை. ஏலத்தில் ஒரு பெரியவர் முன்வரிசையில் இருந்தார். சபையில் ஒருத்தருக்குச் சம்பந்தி, அணைக்குக் கீழே காடு (விவசாய நிலம்) வைத்திருந்தவர், விருந்தாளியாக வந்தவர். உபதேசியார் விளையாட்டாகப் பாக்கெட்டை அவர் கையில் கொடுத்து, "நீங்க ஆரம்பிச்சு வைங்க" என்றார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் விலையைப் படிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து நாற்காலியில் மெதுவாக வைத்துவிட்டு, "எங்க காட்டுல இது நெறைய கெடக்குதுங்க. காசு குடுத்து வேற வாங்கோணுமா?" என்றார்.

கோபமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார். ஜோக் என்று நினைத்துச் சபையில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் எங்க சபைக்காரச் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தேன். அந்த இடைவெளியை எப்படியாவது மூடவேண்டும் என்று நான்தான் "ஐந்நூத்திப் பத்து!" என்று கத்தினேன். 510 ரூபாய் என் பணம். இதை ஜூலை 7-இல் எழுதவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். இலையில் உப்பு வைத்துக்கொண்டு போனவனிடம் வேண்டாம் என்று கை காட்டினார். சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கும். எனக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூலை 30, இன்னும் கொஞ்சம்

வேதாகமத்தில் உப்புக்கு நல்ல பேர் மட்டும் இல்லை. தீர்க்கதரிசி எலிசா எரிகோ ஊரின் நீரூற்றில் உப்பைப் போட்டு ஆரோக்கியமாக்குகிறார். அபிமெலேக்கு என்ற ராஜா சீகேம் பட்டணத்தைப் பிடித்து இடித்துவிட்டு அதில் உப்பு விதைக்கிறான். வாலிபர் கூட்டத்தில் நான் முதலாவதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10

"எல்லாம் முடிஞ்சதா, ஆறு குணமாகாதா" என்று ஒரு அம்மா கேட்டிருக்காங்க. இப்போது சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்ப உபயோகிக்கிறார்கள். சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பது விதி. மழை பெய்தால் இன்னும் சில இடத்தில் நுரை வருவதைப் பார்க்கிறேன்.

எசேக்கியேல் 47 எனக்குக் கொஞ்ச நாளாகத் துணை. ஆலயத்து வாசற்படியில் கசிகிற தண்ணீர் கிழக்கே ஓடுகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, அப்புறம் நீச்சல் ஆழம். சவக்கடலில் போய் விழுந்து அதையே ஆரோக்கியமாக்குகிறது. என்கேதி முதல் எனெக்லாயிம் வரை மீன்பிடிக்கிறவர்கள் வலை காயப்போடுகிறார்கள். இவ்வளவு சொல்லிவிட்டு 11-ஆம் வசனம்: உளையான பள்ளங்களும் மேடுகளும் ஆரோக்கியமாகாமல் உப்பாகவே விடப்படும். தீர்க்கதரிசி அந்த இடத்தை மறைக்கவில்லை, வரைபடத்தில் அப்படியே விட்டிருக்கிறார். எனக்கு இந்த வசனம்தான் நம்பகமாகப் படுகிறது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், பின்னாளில் தொழுநோய்க் கைகளைச் சரிசெய்த டாக்டர், சின்ன வயசுக் கதை ஒன்று எழுதியிருக்கிறார். படிக்கட்டு வயலில் தவளை பிடிக்கிறேன் என்று பையன்கள் சேற்றைக் கலக்குகிறார்கள். ஒரு தாத்தா வந்து கைநிறையச் சேற்றை அள்ளிக் காட்டி, இது போனால் திரும்பாது என்று புரியவைக்கிறார். அப்பா பிரசங்கி, அம்மா பிரசங்கி. மண்ணைப் பற்றி அவருக்குப் பிரசங்கம் பண்ணியது அந்த மலைவாசித் தாத்தா.

எனக்கும் ஒரு பெரியவர் வந்தார். நான் ஏலம் கேட்டேன்.

செப்டம்பர் 4

வேளாங்கண்ணி. திருவிழாக் கூட்டம். அம்மா வரவேண்டும் என்றது, கூட்டிவந்தேன். அமுச்சி நின்ற இடம் எது என்று தேடினால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது. போலீஸ் விசில், மைக்கில் காணாமல்போன பிள்ளைகளின் பேர், மீன் பொரிக்கிற வாசம், மொட்டையடித்த தலைகளில் சந்தனம். முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றேன். தேவ சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். துப்பினேன்.

பக்கத்தில் ஒரு பையன் கறுப்பு டீசர்ட்டோடு குதித்துக்கொண்டிருந்தான். நம்ம ஊர்ச் சரக்குதான், கழுத்துத் தையலிலேயே தெரியும். அலை வந்து போகும் ஒவ்வொரு தடவையும் சாயம் இறங்குகிறதா என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கவில்லை. நல்ல வேலை. அம்மா கரையிலிருந்து, "என்ன கண்ணு அப்படிப் பார்க்கறே, ஜெபம் பண்றியா?" என்றது.

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 13

அந்த ஏல உப்பு என்ன ஆச்சு என்று மூன்று பேர் கேட்டாச்சு. பத்திரமாகப் பரண் மேல் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்டேன். "அதா? அந்த மாசமே ரசத்துல போட்டாச்சு. ஐந்நூறு ரூவா உப்பை அட்டாலில வெச்சுக் கும்புடுவாங்களா?"

அமுச்சியின் பாட்டிலைப் பற்றி அக்காவிடம் கேட்டதற்கு, வீடு வெள்ளையடிக்கும்போது போய்விட்டது என்கிறாள். அடியில் வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது.

காற்று நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு எங்க சபையில் அறுப்பின் பண்டிகை. இந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் பந்தலில் ரெண்டு சுரைக்காய் பிடித்திருக்கிறது. போர்த் தண்ணீர் கொஞ்சம் உவர்தான், இருந்தாலும் காய்த்துவிட்டது. ஒன்று சபைக்கு, ஒன்று சம்பந்தி வீட்டு வழியாக அந்தப் பெரியவருக்கு. அவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கணும்.